பீச்சாங்கைத் தூண்டில்

ஹம்னாவோட தூண்டிலை முறிச்சவன் அவள் புருஷன் தௌசிஃப்தான். அதனால் புதுசு வாங்கித் தரவேண்டியதும் அவன்தான். "நீங்களே பார்த்து எடுத்துட்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் வர்றதா வேணாமான்னு சொல்வேன்" என்று படூர் தாய்வீட்டிலிருந்து போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

சண்டை எதற்கு? அவள் இடது கைக்காரி. பெருநாள் விருந்தில், நாலு பேர் எதிரில், பீச்சாங்கையால் சோறு போடாதே என்று மாமியார் அக்தர் பேகம் கரண்டியைப் பிடுங்கிவிட்டாள். இந்த மகராசன் வாயைத் திறக்காமல் பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தான். மறுநாள் மனசு ஆற அவள் ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பியபோதுதான் இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தூண்டிலைத் தொடையில் வைத்து ஒடித்தான். ஆம்பிளை வீரம்!

கோவளத்தில் ராஜேந்திரன் கடைக்குப் போனான். கடலில் பாறை மீன் பிடித்துப் பழகிய கை, தடி மாதிரி இருந்த ராடுக்குத்தான் நேரே போனது. என்ன மீனுக்கு என்று ராஜேந்திரன் கேட்டான். ஏரி ஜிலேபி மீனுக்கு என்றதும் சிரித்துவிட்டான்.

"இத்த வச்சி வெட்டி இழுத்தியானா மீனு வாயி மட்டுந்தான் கரைக்கு வரும் மச்சான்."

பிறகு அவனே ஆறடியில் மெல்லிசா ஒன்றை எடுத்து வளைத்துக் காட்டினான். நுனி நாணல் போல வளைந்தது. சின்ன ரீல், மெல்லிய தூண்டில் நரம்பு, அரிசி மணி அளவில் ஈயம், விரல் நீளத் தக்கை, பொடி முள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கைக்கு இது தோதுப்படுமா என்று தௌசிஃபுக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளாக அவள் மீன் பிடிப்பதை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

கேளம்பாக்கம் போகும் வழியில், கழிமுகப் பாலத்தில் பைக்கை நிறுத்தி, வலது கையில் ராடைப் பிடித்து நரம்பை ஆள்காட்டி விரலில் மாட்டிப் பார்த்தான். விரல் மடிப்பில் சுருக்கென்று அறுத்தது. அதே இடத்தில் ஹம்னா விரலிலும் ஒரு தழும்பு உண்டு. எந்தக் கையில்? இடது கையில்!

ஐயோ, ரீலின் கைப்பிடி மாறியல்லவா இருக்கிறது. அவள் இடது கையில் ராடைப் பிடித்தால் சுற்றும் பிடி வலப்பக்கம் வேண்டும். அவசரமாகப் பிடியைக் கழற்ற அதன் திருகுமூடியைத் திருகினான். அது கை நழுவி, உருண்டு பாலத்து ஓரத்துக்கு ஓடியது. தண்ணீரில் விழுந்தால் குடித்தனமே விழுந்தது. செருப்புக் காலால் மிதித்து நிறுத்தி, பிடியை மறுபக்கம் மாட்டினான்.

படூர் ஏரிக்கரையில் ஹம்னா ராடை இடது கையில் வாங்கினாள். வலது கை தானாகப் பிடியில் போய் உட்கார்ந்தது. அப்பாடா என்று அவன் மூச்சு விட்டான்.

"என் கை எதுன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள். "அன்னிக்கும் தெரியும்தானே?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்து, அவள் காதுபடவே அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, ஹம்னா பீச்சாங்கையாலதான் சோறு போடுவா. நா அத்தத்தான் துன்னுவேன்."

அந்தப் பக்கம் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்தர் பேகம், ராத்திரிக்கு எத்தனை பேருக்கு உலை வைக்கட்டும் என்று கேட்டாள்.

தௌசிஃப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தக்கையைத் தண்ணீரில் வீசிவிட்டு, திரும்பாமலே சொன்னாள்:

"மூணு பேருக்குன்னு சொல்லுங்க. மீனு நான் கொண்டாறேன். ஏரி மீனு."