பழக்கிய கேன்

எங்கள் மலையில் புதுச்சட்டி வாங்கினால் உடனே அடுப்பில் ஏற்ற மாட்டோம். மூன்று நாள் கழுநீர் ஊற்றி வைத்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மண்வாசனை போன பிறகுதான் அதில் சமைப்போம். அதற்குப் பெயர் பழக்குவது. நான் சட்டியோடு நிற்கவில்லை. எண்ணெய் டின், பெயின்ட் டப்பா, எது கிடைத்தாலும் பழக்கி வீட்டுச் சாமான் ஆக்கிவிடுவேன். என்னைப்போல் பழக்க ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிரைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆலங்காயம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூலிக்குப் போன என் வீட்டுக்காரர் தசரதன், பூச்சிமருந்து தீர்ந்த கேன் இரண்டை எடுத்து வந்தார். "நல்லா கெட்டியா கீது காந்தா. கூழு எடுத்துக்கினு போவலாம்" என்றார். ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பூங்கோதைக்குக் கொடுத்தேன். இன்னொன்றை ஐந்து நாள் பழக்கினேன். ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். மோந்து பார்த்தால் துளி வாசனை இல்லை.

நேற்று ராத்திரியே கூழை அதில் ஊற்றி வைத்து, இன்று காலையில் கொடுத்தனுப்பினேன். மதியத்துக்குள் அவரைத் தூக்கி வந்துவிட்டார்கள். வாயில் நுரை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

பூச்சிமருந்துக் கேனில் கூழ் கொடுத்தனுப்பியதைச் சொன்னதும், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: "எந்த மருந்து இருந்த கேன்? பேர் தெரிஞ்சா நல்லதும்மா."

அவரோடு திரும்பி வந்து என் மடியில் இருந்த கேனைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு எழுத்துகூட இல்லையே."

"நான் நல்லா பழக்கிட்டேங்க. வாசனையே இல்லீங்க."

"வாசனைதாம்மா போச்சு. மருந்தை பிளாஸ்டிக் குடிச்சி வெச்சிருக்கும். புளிச்ச கூழு ராத்திரி பூரா அதுல ஊறினா கக்கிடும்."

தோட்டக்காரருக்கு நாலு தடவை போன் போட்டோம். எடுக்கவில்லை. அப்போதுதான் பூங்கோதையின் கேன் ஞாபகம் வந்தது. அவள் ஒரு சோம்பேறி. அதற்காக எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இன்று அந்தச் சோம்பலைத்தான் மலைபோல் நம்பினேன். தாளைச் சுரண்டியிருக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டே போன் போட்டேன்.

"பூங்கோத, அந்தக் கேன்ல தாளு கீதாடி?"

"நீ திட்டுவியேன்னு சுத்தமா சொரண்டிட்டேன்க்கா. நீ சொன்ன மாதிரியே அஞ்சு நாளு பழக்கினேன். இன்னிக்குத்தான் மொத மொதல்ல அதுல கூழு ஊத்திக் குடுத்தேன். பசங்க எடுத்துக்கினு மாடு மேய்க்கப் போயிருக்குதுங்க."

"ஓடுடி! புடுங்கிக் கொட்டுடி!" நான் கத்திய கத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "எத்தனை பசங்க?" என்றார்.

"மூணு பேருங்க."