மூன்று மணி வேன்

சனிக்கிழமை பின்னேரம் நஸீபா மகளின் முடியை வெட்டினாள். கிணற்றடியில் பிளாஸ்டிக் கதிரையில் அவளை இருத்தி, தோளில் பழைய சாரன் ஒன்றைச் சுற்றி, இடுப்புக்குக் கிட்ட வந்திருந்த முடியைக் காது மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். ஸுஹைனாவுக்குப் பதினொரு வயது. அந்த முடி ஐந்து வருடத்து முடி. அவள் அழவில்லை, ஏன் வெட்டுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

"வெயில் காலம் புள்ள. பேனும் பத்திப்போச்சு. கட்டையா இரிந்தாத்தான் சுகம்," என்று நஸீபா தானாகவே சொன்னாள்.

"ஓம் உம்மா."

வாசலில் இடுப்பு நோவுக்கு நாரிப்பட்டி கட்டிக்கொண்டு குந்தியிருந்த ஹமீட், இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று நினைத்தான். மகளுக்குத் தலை பின்னவோ பேன் பார்க்கவோ அவனுக்குத் தெரியாது. இனி இரண்டு வருடத்துக்கு அந்தத் தலை அவன் பொறுப்பு. அதற்காகத்தான் வெட்டு.

ஏறாவூர் அரிசி மில் ஒன்றில் பத்தொன்பது வருடம் மூட்டை தூக்கியவன் ஹமீட். லொறியில் இருந்து களஞ்சியத்துக்கு, களஞ்சியத்தில் இருந்து லொறிக்கு. மூட்டை தூக்குகிறவனின் கழுத்து மாட்டுக் கழுத்து மாதிரித் தடித்துவிடும், சட்டைக் கொலர் பூட்டாது. போன மாரியில் ஈர நெல் மூட்டையோடு பலகையில் வழுக்கினான். நாரி விட்டுப்போனது. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இனிப் பாரம் தூக்கினால் கால் இழுத்துவிடும் என்றார். வேறு வேலை அவனுக்குப் பழக்கமில்லை. நஸீபா பழைய பாஸ்போட்டை அலுமாரியிலிருந்து எடுத்தாள்.

முதல் தடவை அவள் இரண்டு வருடத்துக்குச் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது ஸுஹைனாவுக்கு நாலு வயது. பிள்ளை வேனுக்குப் பின்னால் ஓடியது. கிறவல் ரோட்டில் விழுந்து, உதட்டுக்குக் கீழே நாடி பிளந்தது. வேன் நிற்கவில்லை. பின் கண்ணாடியில் நஸீபா எல்லாவற்றையும் கண்டுகொண்டே போனாள். அதன் பிறகு நாலு மாதம் பிள்ளை வாயைத் திறக்கவில்லை, பாயை நனைத்தது. தையல் போட்ட தழும்பு இன்றைக்கும் நாடியில் வெள்ளையாகக் கிடக்கிறது.

"இந்த முறை ரெண்டு புள்ளையளும் காணப்படாது," என்று நஸீபா புருஷனிடம் சொல்லியிருந்தாள். "கண்டு அழுதா நான் திரும்பி வந்திருவன். மறுகா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

பார்க்குக்குப் போகும் யோசனையும் அவளுடையதுதான். நாவற்குடாவுக்கு அங்கால், வாவியோரத்தில், போன வருடம் புதிதாகத் திறந்திருந்தார்கள். தண்ணிச் சறுக்கு, குட்டி ரயில், ராட்டினம். ஏஜென்சி வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் வழியில் மூன்று மணிக்கு அந்தக் கேட்டடியில் நிற்கும். அந்த நேரம் ஹமீட் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றியிருக்க வேண்டும். இறங்கினதும் நேரே நஸீபாவின் தங்கச்சி பஹீமா வீடு. விஷயத்தை அங்கே வைத்து மெல்லமாகச் சொல்வது. அவளுடைய பயணப் பெட்டி வெள்ளிக்கிழமையே ஏஜென்சிக்குப் போய்விட்டது.

ஞாயிறு காலையில் பஸ் ஏறினார்கள். நாலு வயது அஸ்கர் பஸ்ஸிலேயே பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டான். அவனுக்கு இதுவரை தெரிந்த பெரிய ஊஞ்சல் பள்ளிக்கூட வேம்பில் கட்டின டயர்தான்.

பார்க் நல்ல வெளிச்சமாக, சத்தமாக இருந்தது. குட்டி ரயிலில் அஸ்கர் மூன்று முறை போனான். பஞ்சு மாதிரித் தும்பு முட்டாஸ் வாங்கி மூக்கெல்லாம் பூசிக்கொண்டான். தண்ணித் தொட்டியைக் கண்டதும் உடுப்போடு பாய்ந்தான்.

"உம்மா, வாங்க! உம்மா வந்தாத்தான் நான் சறுக்குவன்!"

"நான் ஏலா மகன். ராத்தாவோட போங்க."

"ராத்தா வேணாம். நீங்க!"

அவன் தண்ணிக்குள் நின்று கத்தினான். நஸீபா ஹமீட்டைப் பார்த்தாள். எட்டு மணித்தியாலம் வேனில் போக வேண்டியவள். மாற்றுடுப்பு பெட்டியோடு போய்விட்டது. ஹமீட் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் அபாயாவை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அஸ்கர் சறுக்கி வந்து அவள் வயிற்றில் மோத, இருவரும் தொபீரென்று தண்ணிக்குள் விழுந்தார்கள். நஸீபா சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து ஹமீட் கண்டு மாதக்கணக்கு.

ஸுஹைனா கரையில் தலை துடைக்கிற துவாயை மடியில் வைத்துக்கொண்டு உம்மாவையே பார்த்தபடி இருந்தாள்.

"நீ குளிக்கலயா மகள்?"

"இல்ல வாப்பா. சும்மா பாக்கன்."

பகல் சோற்றுப் பார்சலை நாவல் மரத்துக்குக் கீழே அவிழ்த்தார்கள். மீன் பொரியல், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. நஸீபா அஸ்கருக்கு ஊட்டினாள். அடுத்த கவளத்தைப் பேச்சில்லாமல் ஸுஹைனாவின் பக்கம் நீட்டினாள். பதினொரு வயதுப் பிள்ளை, அக்கம்பக்கத்தில் அவளுடைய வகுப்புப் பெட்டைகள் இரண்டு பேர் நிற்க, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். வெட்கப்படவில்லை. பார்சல் முடியும்வரை வாங்கினாள்.

"பெரிய கிழவிக்கு ஊட்டுறா உம்மா!" என்று அஸ்கர் நக்கலடித்தான்.

"உனக்கென்னடா? உன்ட பங்கத் தின்னு," என்றாள் ஸுஹைனா.

இரண்டே முக்காலுக்கு ராட்டினத்தடிக்குப் போனார்கள். விசைப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவரை ஹமீட்டுக்குத் தெரியும். சித்தாண்டி ஊர் இளையதம்பி, முந்தி நெல் லொறியோடு மில்லுக்கு வருகிறவர்.

"அடே, ஹமீட் காக்கா! மூட்டைய விட்டுப்போட்டு ராட்டினம் ஏற வந்தயளா?"

"நாரி போன மனிசன் அண்ணன். மெல்லமாச் சுத்துங்க."

"பயப்பிடாதங்க. இஞ்ச தூக்குறது மிசின். இண்டைக்கு நீங்கதான் மூட்டை!"

ஹமீட் அவரை விசைப்பெட்டிக்குப் பின்னால் கூப்பிட்டு நாலு வசனத்தில் விஷயத்தைச் சொன்னான். இளையதம்பியின் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. அவர் கேட்டுப் பக்கம் பார்த்தார்.

"என்ட மூத்தவளும் கட்டார்லதான்," என்றார். "எத்தின சுத்து விட?"

"வேன் போகுமட்டும்."

"சரி. ஏறுங்க."

நஸீபா கொஞ்சக்கூடாது என்று முதலே முடிவுபண்ணியிருந்தாள். கொஞ்சினால் பிடிபட்டுப்போகும். அஸ்கரின் மூக்கைத் துடைத்தாள். ஸுஹைனாவின் சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

"எனக்குத் தலை சுத்தும். வாப்பாவோட போங்க. நான் கீழ நிண்டு பாக்கன்."

ஸுஹைனா கையிலிருந்த துவாயை நீட்டினாள்.

"உம்மா, கால் ரெண்டும் ஈரம். இதை நீங்களே வெச்சிக்கங்க."

"எனக்கு என்னத்துக்குகா?"

"குளிரும். வெச்சிக்கங்க."

நஸீபா துவாயை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு நல்ல மனம் என்று மட்டும் ஹமீட் நினைத்தான்.

ராட்டினப் பெட்டி எழும்பியது. முதல் சுற்றில் நஸீபா சொன்ன இடத்தில் நின்று கையாட்டினாள். அஸ்கர் கத்திக் கத்திக் கையாட்டினான். இரண்டாவது சுற்றிலும் நின்றாள். மூன்றாவது சுற்றில் கேட்டுக்கு வெளியே வெள்ளை வேன் ஒன்று வந்து ஓரங்கட்டியதை ஹமீட் கண்டான். பெட்டி கீழே வந்தபோது அவள் நின்ற இடம் வெறும் மண்ணாக இருந்தது.

"உம்மா எங்க?" என்றான் அஸ்கர்.

ஒரு மாதமாக மனதுக்குள் பாடம் பண்ணி வைத்திருந்த பதிலை ஹமீட் தேடினான்.

"கக்கூசுக்குப் போயிருப்பா," என்றாள் ஸுஹைனா. "தம்பி, இஞ்சால கிறுகு. வாவியில எத்தின தோணி நிக்குது எண்டு எண்ணு பாப்பம். பிழையா எண்ணினா திருப்பி எண்ணணும்."

அவள் தம்பியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து வாவிப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் வெயிலில் தகரம் மாதிரித் தண்ணீர், தள்ளித் தள்ளித் தோணிகள். இந்தப் பக்கம் கேட்டு. அவளுடைய முகம் கேட்டுப் பக்கம் இருந்தது.

பெட்டி உச்சிக்குப் போனது. கீழே நஸீபா வேன் கதவடியில் நின்றாள். ஏறவில்லை. ஈர அபாயா காலில் ஒட்ட, துவாயும் கையுமாக, முகத்தைத் தூக்கி ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் கையை வீசி அவசரப்படுத்தினான். அவள் அசையவில்லை.

ஒரு சத்தம் போதும் என்று ஹமீட்டுக்குத் தோன்றியது. நஸீபா என்று ஒரு சத்தம். இல்லாவிட்டால் அஸ்கரின் தோளைத் தட்டி, அங்க பாரு உம்மா என்று ஒரு சொல். மிச்சத்தை அவன் அழுகை பார்த்துக்கொள்ளும். அவள் திரும்பி வந்துவிடுவாள், சொன்னவள்தானே. நாளைக்கு என்ன தின்பது என்ற கேள்வி அந்த உயரத்தில் அவனுக்குச் சின்னதாகத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். நாரியில் கத்தி இறங்கினாற்போல் இருந்தது. வாயைத் திறந்தான்.

"கூப்பிடாதீங்க வாப்பா."

மெல்லிய குரலில்தான் சொன்னாள். தம்பிக்குக் கேட்காத குரல்.

ஹமீட் திரும்பவும் குந்தினான்.

"முடி வெட்டக்குள்ளயே எனக்குத் தெரியும்," என்றாள். "அந்த முறையும் வெட்டினாதானே."

அவனுக்கு நினைவு வந்தது. நாலு வயதுப் பிள்ளையை, அதே கிணற்றடியில், வேன் வருவதற்கு முதல்நாள். அவன் மறந்துவிட்டான். நஸீபாவும் மறந்துவிட்டாள். தழும்பைச் சுமந்தவள் மறக்கவில்லை.

"உம்மா உன்னப் பாக்கா மகள். கையாவது காட்டு."

"காட்டினா தம்பி கிறுகிப் பாப்பான்."

அப்போதுதான் அவன் கவனித்தான். அவள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் அழுத்தி இருந்தாள். நாடித் தழும்பு துடித்தது. முகத்தை மட்டும், கீழே நிற்பவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதுபோலக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஒம்பது!" என்றான் அஸ்கர். "ராத்தா, ஒம்பது தோணி!"

"பிழை. திருப்பி எண்ணு."

நஸீபா துவாயால் முகத்தைப் பொத்தினாள். பிறகு ஏறினாள். கதவு இழுபட்டது. வேன் பிரதான வீதிக்கு ஏறி, தென்னைகளுக்கு அங்கால் மறைந்தது. அதன் பிறகும் இளையதம்பி இரண்டு சுற்று விட்டார்.

இறங்கினதும் அஸ்கர் நாலாபக்கமும் பார்த்தான். கீழுதடு பிதுங்கத் தொடங்கியது.

"உம்மா எங்க வாப்பா?"

ஹமீட் குனிந்து அவனைத் தூக்கப் பார்த்தான். நாரி விடவில்லை. பத்தொன்பது வருடம் மூட்டை தூக்கியவனால் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்க முடியவில்லை.

"கக்கூசில சரியான சனம்டா," என்றாள் ஸுஹைனா. "உம்மா வாறதுக்குள்ள இன்னொருக்காப் போவம். வாறயா? வாப்பாக்கு நாரி நோகுது, அவர் நிக்கட்டும். நான் உன்னப் புடிக்கன்."

தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளே பெட்டியில் ஏறினாள். ஹமீட் டிக்கட் எடுக்கப் பொக்கெற்றுக்குள் கையை விட்டான். இளையதம்பி பார்க்காததுபோலக் கம்பியைப் பூட்டி விசையைத் தட்டினார்.

ஹமீட் நஸீபா நின்ற இடத்தில் போய் நின்றான். மண்ணில் அவளுடைய ஈரம் இன்னும் காயவில்லை.

பெட்டி ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் பிள்ளைகள் இருவரும் அவனுக்குக் கையாட்டினார்கள். ஸுஹைனா ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டே மேலே போனாள். உச்சியில் அவள் முகம் எப்படி இருந்தது என்று கீழே நின்றவனுக்குத் தெரியவில்லை.