கையேட்டோடு போன அலாரம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கத்தரிக்கோல்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று மூச்சையும் துடிப்பையும் கண்காணிக்கும் சின்னப் பெட்டிகளை ஓட்டுகிற இயங்குதளத்தைத் தொகுத்து அனுப்புவது அவள் வேலை. பெட்டியில் இடமோ கொஞ்சம். அதில் கையேடு, விளக்கம், மாதிரி என்று யாரும் புரட்டாத கோப்புகள் சட்டமாக உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பொறுக்குமா? அத்தனையையும் அடிப்படை நிறுவலிலிருந்து பிடுங்கித் தனித் தொகுப்பாக்கினாள். வேண்டியவர்கள் பிறகு போட்டுக்கொள்ளட்டும். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள், கச்சிதமாக ஓடியது. முதல் வேலையாக, அக்கா நர்ஸாக இருக்கும் பச்சிளங்குழந்தை வார்டுக்கு அனுப்பிவைத்தாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், உன் பெட்டியெல்லாம் அணைஞ்சு திரும்ப வந்துச்சு. திரையில மூச்சு, துடிப்பு எல்லாம் ஓடுது. ஆனா கத்த மாட்டேங்குதுடி."

"எப்படிச் சொல்றே?"

"ஒயரைக் கழட்டிப் பாத்தேன். கழட்டினா ஊரையே கூட்டுமே, இப்ப கம்முனு இருக்கு. நாங்க ரெண்டே பேரு, வார்டு நிறைய குழந்தைங்க. எதைன்னு பாக்கறது?"

அவள் டப்பாவை மூடாமலே எழுந்தாள். அலாரம் நிரலை எழுதிய பக்கத்து மேசைக்காரரின் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, மூச்சு எவ்வளவு குறைஞ்சா கத்தணும்கிற அளவை உங்க நிரல் எங்கேருந்து எடுக்குது?"

"மாதிரிக் கோப்புலேருந்து. கையேட்டோட இருக்குமே."

"கையேட்டோடயா! அது மனுஷங்க படிக்கறதுக்கு இல்லையா? நிரல் அதை நம்பலாமா?"

"அதைப் போய் யாரு எடுக்கப்போறாங்கன்னு..." என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் மட்டும் என்ன கிழித்தாள்? அவள் கணினியில் கையேட்டுத் தொகுப்பு முழுசாக இருந்தது. ஓடாமல் என்ன செய்யும்? வெறும் அடிப்படையை மட்டும் போட்ட பெட்டியில் ஓட்டிப் பார்க்க அந்த மடச்சிக்குத் தோன்றவில்லை.

"அக்கா, வச்சுடாதே. லைன்லயே இரு."

அந்த ஒரு கோப்பை மட்டும் அடிப்படைக்குள் சேர்த்தாள். மேசைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு வெற்றுப் பெட்டியை எடுத்து வந்தார். அதில் போட்டு, ஒயரை உருவினார்கள். வீறிட்டது. உடனே வார்டுக்கு அனுப்பினாள்.

"இப்போ திரும்ப அணைஞ்சு வரும்க்கா. ஒயரெல்லாம் மாட்டித்தானே இருக்கு?"

"எல்லாம் மாட்டியாச்சு. ஒண்ணொண்ணா வருது... ம், வந்துடுச்சு."

மறுகணம் போனில் அலாரம் அலறியது. "அப்பாடா!" என்று மேசைக்காரர் கைதட்டினார். அவளும் சிரித்தேவிட்டாள். போன் எங்கோ விழுகிற சத்தம் கேட்டது. "டாக்டரைக் கூப்பிடு, ஓடு!" என்று அக்கா கத்தினாள்.

ஒயரைத்தான் யாரும் கழட்டவில்லையே. பிறகு எதற்குக் கத்துகிறது? மேசைக்காரரின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஒரு பிஞ்சுக் குரல் கம்மலாக அழத் தொடங்கியது.

போனை எடுத்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "ஓரத்துக் கட்டில் குழந்தைடி. மூச்சை நிறுத்திடுச்சு. நான் முதுகைக் காட்டிட்டு நிக்கறேன். இது மட்டும் கத்தலைன்னா..."

"அக்கா, அந்தக் கோப்பை வெளியே எடுத்துப்போட்டது நான்தான்."

போனில் அழுகை நெருங்கி வந்தது.

"அழறது கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"நல்லாக் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, போனைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தாள் அக்கா.