பச்சைப் பட்டையில் பதினொரு புள்ளி

குழந்தைகளுக்கு எடை போடுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதே அறை, இதே மேசை. தராசு மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது. மாதம் ஒருமுறை தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் எடை பார்த்து, பிள்ளையின் அட்டையில் அந்த மாதத்துக்கு நேரே ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தால் பிள்ளை நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். மஞ்சளில் விழுந்தால் சத்துமாவுப் பொட்டலம் கொடுப்போம், வீட்டுக்கும் ஆள் போய்ப் பார்க்கும். சிவப்பு என்றால் நேரே ஆஸ்பத்திரி. கண்ணும் கையும் ஒழுங்காக இருந்தால் யாரும் செய்யலாம். ஆனால் இந்த வேலையில் நான் செய்த ஒரு காரியத்தைப் போன செவ்வாய்க்கிழமை வரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பதினாறு வயது, பதினொரு வயதுப் பிள்ளையின் உயரம். தெருவே அவளை அரை டிக்கெட் என்றுதான் கூப்பிடும். வாய் மட்டும் முழு டிக்கெட். பஸ்ஸில் கண்டக்டர் ஏமாந்து அரை டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால், "அண்ணே, நான் காலேஜ் போகப்போறேன், நீங்க இன்னும் என்னை அஞ்சாங்கிளாஸ்லயே வச்சிருக்கீங்களே" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அவள் அம்மா சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். போன திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதித்தவர்கள் இவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வயசுக்கு ஏற்ற வளர்த்தி இல்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று.

"நாளைக்கு நீங்களும் கூட வாங்கக்கா. சின்னதுல எப்படி இருந்தாள்னு கேப்பாங்களாம். உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

பையிலிருந்து அட்டையை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு முனைகூட மடங்காமல் பதினாறு வருடம் வைத்திருக்கிறாள். நான் அதைக் கையில் வாங்கவில்லை.

அந்தப் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது அவர்கள் சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு எட்டுத் தூரம்கூட இல்லை. பிள்ளைக்கு மாதத்தில் இரண்டு முறையாவது வயிற்றுப்போக்கு வந்துவிடும். தாய்க்காரி பிள்ளை பெற்ற ஐம்பதாவது நாளே வேலைக்குப் போய்விட்டாள், போகாவிட்டால் மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள். பகலெல்லாம் நாத்தனார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். புட்டியில் நீர்த்த கஞ்சி. பிள்ளை அழவே அழாது. எவ்வளவு சமத்து என்று எல்லோரும் கொஞ்சினார்கள். நானும்தான் கொஞ்சினேன், இந்த வேலையில் இருந்துகொண்டு.

ஆறாம் மாதம் எடை போட்டபோது மஞ்சள் வந்தது. நான் பேனாவை எடுத்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மஞ்சள்னா வீட்டுக்கு ஆள் வருவாங்கக்கா. நாத்தனா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. உன் பால்ல சத்தில்ல, நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டு எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. ஒரு புள்ளிதானேக்கா. அடுத்த மாசத்துக்குள்ள எப்படியாவது தேத்திடறேன்."

அந்த நாத்தனாரின் வாய் எனக்கும் தெரியும். தாய்க்காரிக்கு அப்போது பத்தொன்பது வயது, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. ஒரு அரிசி அளவு மேலே தள்ளிப் புள்ளியை வைத்தேன்.

அடுத்த மாதம் பிள்ளை தேறவில்லை. ஆனால் முதல் புள்ளி பச்சையில் இருக்கும்போது இரண்டாவதை எங்கே வைப்பது? கோடு திடீரென்று சரிந்தால் மேலதிகாரி என்னைக் கேட்பார். அதனால் அதையும் மேலே வைத்தேன். அதற்கடுத்ததையும். இப்படியே பதினாறாம் மாதம் வரை பதினொரு புள்ளி. அதன்பிறகு அவர்கள் எடை போட வருவதை நிறுத்திவிட்டார்கள். பச்சையில் இருக்கிற பிள்ளைக்குச் சத்துமாவு கிடையாது. பதினொரு மாதமும் பொட்டலங்கள் என் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியில்தான் இருந்தன. அந்த வருடம் மேலதிகாரி, "உங்க பகுதியில மஞ்சளே குறைஞ்சுபோச்சே" என்று என்னைப் பாராட்டினார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அரை டிக்கெட்டைச் சுவரோடு நிற்கவைத்து இரண்டு முறை அளந்தார். அட்டையை வாங்கி, புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"பதினாறு மாசம் வரைக்கும் நல்லா வளர்ந்திருக்கா. அப்புறம்தான் எங்கேயோ நின்னிருக்கு. நல்லா வளர்ந்துக்கிட்டிருந்த பிள்ளை இப்படி நின்னா, தலைக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு, அதுல கட்டி ஏதாவது இருக்கான்னு பாத்துடணும். ஸ்கேனுக்கு எழுதறேன்."

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் தாய்க்காரியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. அரை டிக்கெட் வாயடைத்து நின்றதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"நான் ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டேன் டாக்டரம்மா," என்றாள் தாய்க்காரி. "அட்டையைப் பாருங்க. எல்லாமே பச்சை."

நடிக்கவில்லை. நிஜமாகவே நம்பிப் பேசினாள். பதினாறு வருடமாக அந்த அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்து, அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது அவளுக்கு. நான் வாயைத் திறந்தால் கட்டி என்கிற பயம் போய்விடும். அதோடு அந்தப் பச்சையும் போய்விடும். ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்குள் டாக்டரம்மா பேனாவைத் திறந்துவிட்டார்.

"அந்தப் புள்ளியெல்லாம் பொய், டாக்டரம்மா. நான்தான் வச்சேன். பிள்ளை ஆறாம் மாசத்துல இருந்தே மஞ்சள்தான். கடைசியில சிவப்பை ஒட்டி இருந்தா."

எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, குழாய், வயிற்றுப்போக்கு, அலமாரி, எல்லாம். அவள் கேட்டுத்தான் செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தாய்க்காரி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் வைக்கச் சொன்னேன். மறந்தே போயிட்டேன்க்கா. உங்க கையைப் பிடிச்சேன் இல்ல?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார். "ஸ்கேன் இப்போதைக்கு வேணாம், முதல்ல ரத்தத்தைப் பாப்போம். ஆனா உயரம் இனிமே பெருசா வராதும்மா. முதல் ரெண்டு வயசுல கிடைக்காததைப் பின்னால அள்ளிக் கொடுத்தாலும் உடம்பு முழுசா எடுத்துக்காது. மூச்சு வாங்கறது ரத்தம் கம்மியா இருக்கறதால இருக்கலாம், அப்படின்னா அதைச் சரி பண்ணிடலாம். சர்க்கரை, பிரஷர் எல்லாம் உனக்குக் கொஞ்சம் சீக்கிரமே எட்டிப் பாக்கலாம். வருஷா வருஷம் வந்து காட்டு."

நாங்கள் எழுந்தபோது என்னிடம் கேட்டார்: "நீங்க இன்னும் அதே வேலையிலதான் இருக்கீங்களா?"

"ஆமாம்மா."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாலு அறை அறைந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

வெளியே நடையில் மூன்று பேரும் வந்தோம். மருந்து வாங்கும் வரிசைப் பக்கம் வந்ததும் அரை டிக்கெட் நின்றுவிட்டாள்.

"அம்மா, எனக்கு அப்போ பசிச்சிருக்குமா?"

"நீ அழவே இல்லடி," என்றாள் அவள் அம்மா. "ஒரு நாள்கூட அழல."

பெண் என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா?"

பச்சையில் இன்னொரு புள்ளி வைக்கத்தான் வாய் வந்தது. எவ்வளவு சுலபம். இல்லடா கண்ணு, நீ சமத்து என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"பசிச்சிருக்கும்மா," என்றேன். "அழறதுக்கும் தெம்பு வேணும்."

அவள் தலையை ஆட்டினாள். அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பழ வண்டி நின்றிருந்தது. தாய்க்காரி சாலையைக் கடந்து போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தாள். நின்றபடியே ஒன்றை உரித்து, கொஞ்சம் விண்டு, மகளின் வாய்க்கு நேரே நீட்டினாள். சுற்றிலும் ஆட்கள். பதினாறு வயதுப் பெண்.

"பசிக்கலம்மா."

"பரவாயில்ல. சாப்பிடு."

அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். விண்டு விண்டு கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டாள். எனக்குக் கண் மறைத்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். எங்கள் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து, ஏறவில்லையா என்று கேட்டார். தாய்க்காரி இரண்டாவது பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.