கடைசியாகத் தெரிந்த இடம்

மனைவியின் திரையில் மாமனாரின் புள்ளி மூன்றாவது முறையும் மறைந்தபோதுதான் விலாங்கு வேனின் வேகத்தைக் குறைத்துப் போனைக் காதில் அழுத்தினான்.

"என்னங்க, இப்பத்தான் இருந்துச்சு. மருந்துக்கடைத் தெருவுல அழகா நடந்துட்டு இருந்தாரு. நீங்க உள்ள திரும்பிட்டேன்னு சொன்னீங்க, போயிடுச்சு. 'கடைசியாகத் தெரிந்த இடம்'னு சாம்பல் கலர்ல காட்டுது."

"உங்கப்பா கைல கட்டினா கடிகாரத்துக்கும் ஞாபகம் போயிடும் போல."

"விளையாட்டா இருக்கா? மழை வேற தூறுது. போன மாசம் மாதிரி எதையாவது தொறந்துட்டார்னா?"

மாமனார் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மகள் பெயர் மறந்துவிட்டது, வேலை மறக்கவில்லை. இரும்புப் பெட்டி கண்ணில் பட்டால் திறந்து எண்ணைப் படிப்பார். போன மாதம் தெருமுனை மின்பெட்டியைத் திறந்து கையை நீட்டியவரை ஒரு பூக்காரி பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகுதான் மனைவி வளையலை விற்று, இருக்கும் இடம் காட்டும் அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கட்டினாள்.

விலாங்கு என்பது சக ஓட்டுநர்கள் வைத்த பெயர். பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். முதலாளிக்குத் துறைமுகக் கிடங்கு வரிசையில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, முதலாளியின் வேனிலேயே எவர் வீட்டுப் பீரோவையாவது ஏற்றி இறக்குவான். வேன் எங்கே நிற்கிறது என்று காட்ட, அதற்குள் முதலாளி பதித்த கண் ஒன்று உண்டு. அதைக் குருடாக்க, சிகரெட் பற்றவைக்கும் துளையில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கருவி செருகியிருந்தான்.

விற்றவன் சத்தியம் செய்திருந்தான். "வண்டிக்குள்ள மட்டுந்தாண்ணே. கதவத் தாண்டாது. தாண்டிச்சுன்னா எடுத்துட்டு வாங்க, மாத்தித் தர்றேன்."

சந்தையில் வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? வியாபாரி பத்தடி என்றால் ஐந்தடி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் எடுத்துக்கொண்டான். சரக்கைக் குறைத்துச் சொல்லி விற்ற ஒரே வியாபாரி தன் தலையில்தான் விடிவான் என்று யார் கண்டது? எங்கோ வானத்து உச்சியில் சுற்றும் செயற்கைக்கோளின் குரல் தரைக்கு வரும்போது சந்தை இரைச்சலில் கொசு முனகுவது போலத்தான் இருக்குமாம். அதை அடக்க ஒரு அதட்டல் போதும். இந்தக் கருவியோ தெருவையே அதட்டிக்கொண்டு வந்திருக்கிறது. போன் பேசும், இடம் மட்டும் தெரியாது. தேடிப் போகிறவன் கிட்ட நெருங்க நெருங்க, கிழவர் காணாமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

கை கருவியின் மேல் போனது. பிடுங்கினால் ஒரு நிமிடத்தில் புள்ளி வந்துவிடும். முதலாளியின் திரையில் இன்னொரு புள்ளியும் வந்துவிடும். அரைமணிக்கு முன்புதான் பேசியிருந்தார். "டேய், கிடங்குலதான நிக்கிற? இன்னொரு தடவை பொய்னு தெரிஞ்சது, சாவிய மேசைல வச்சுட்டு அப்படியே போயிரு." வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தேடலாம் என்றாலும் வழியில்லை. இஞ்சின் அணைந்தால் கருவியும் அணையும்; ஓடவிட்டு இறங்கினால் திரும்பி வரும்போது வண்டியே இருக்காது.

விரல் அங்கேயே நின்றது. இரண்டு பக்கமும் நஷ்டம் வராமல் ஒரு விலை படியாதா என்று மனம் பேரம் பேசியது. படிந்தது. வண்டியை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோனால் புள்ளி தானே வந்துவிடும். இடத்தைக் கேட்டுக்கொண்டு ஒரே அழுத்தாக அழுத்தினால் ஆயிற்று. ஐந்து நிமிடம். முப்பத்திரண்டு வருஷம் ஷாக் அடிக்காத மனுஷனுக்கு ஐந்து நிமிடத்திலா அடித்துவிடும்?

மருந்துக்கடையைத் தாண்டும்போது, சந்துக்குள் ஏதோ பெட்டியின் மேல் வெள்ளைச் சட்டை ஒன்று குனிந்திருந்த மாதிரிகூட இருந்தது. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். விலாங்கு நிற்கவில்லை.

"எங்கங்க போறீங்க?"

"இந்தப் பக்கம் இல்லடி. பெரிய ரோட்டுல பார்க்குறேன்."

சிக்னலில் சிவப்பு. நாலு தெரு ஆகியிருந்தது. வைப்பர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தது.

"வந்துடுச்சுங்க! புள்ளி வந்துடுச்சு!" அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. "மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சந்துதான். சாமி, அசையாம நிக்கிறாரு. நல்லவேளை. நீங்க திரும்புங்க, நானும் ஓடி வர்றேன்."

"எவ்வளவு நேரமா நிக்கிறாரு?"

"இப்பதானே வந்துச்சு, எனக்கெப்படித் தெரியும்? ஏங்க?"

எதிரே சிவப்பு அணைந்தது. பச்சை வரவில்லை. வலப்பக்கத் துணிக்கடையின் பெயர்ப்பலகை, அதற்கடுத்த வங்கி, அதற்கும் அடுத்த பல் மருத்துவர் என்று ஒவ்வொன்றாக இருண்டது. ஏசி இரைச்சல் நின்ற தெருவில் மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து, கையை நெற்றியில் வைத்து, மேலே கம்பிகளைப் பார்த்தார்கள்.