நாச்சியாரின் பால்

"ஆறிப் போறதுக்குள்ள குடிச்சுடு, பாமா" என்று அண்ணா வெள்ளி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். விளக்கு வைத்தாகிவிட்டது. பாலின் மேல் ஏடு தடிமனாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் என் வயிற்றுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டேன். என் அண்ணா யதிராஜன் திருச்சி கோர்ட்டில் குமாஸ்தா. சாயங்காலம் வந்து, கால் அலம்பி, கோவிலுக்குப் போய்ப் பிரபந்த கோஷ்டியில் முன்வரிசையில் நின்று சேவித்துவிட்டு, அகத்துக்குத் திரும்பியதும் முதலில் செய்கிற காரியம் இதுதான். மன்னியைக்கூடப் பால் காய்ச்ச விடமாட்டார். அவரே காய்ச்சி, அவரே கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிறவரை தூணில் சாய்ந்துகொண்டு நிற்பார்.

அந்த டம்ளர் என் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. புக்ககத்திலிருந்து திரும்பி வந்தது நானும் அதுவும்தான். அகத்துக்காரர் விஷ ஜுரத்தில் போனபோது எனக்குப் பதினேழு வயது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் அப்படி ஆனவளுக்குப் பகலில் ஒரு வேளைதான் சாதம். ராத்திரி சாதம் கண்ணில் காட்டக்கூடாது. சாதம் பத்து, அதைத் தொட்ட கையை உடனே தண்ணீர் விட்டு அலம்பியாக வேண்டும். பால் பத்தில்லை, பழம் பத்தில்லை, ஊறவைத்த அவல் பத்தில்லை. அவற்றில் எதை வேண்டுமானாலும் நான் ராத்திரி சாப்பிடலாம். சாப்பிட்டதாகவே கணக்கில்லை என்பதால் கொடுத்த சலுகை அது! வயிற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பசிக்கும்.

நான் வந்த புதிதில் ராத்திரி அவல்தான். அண்ணாவுக்கு அது பொறுக்கவில்லை. தான் கூடத்தில் உட்கார்ந்து சாத்தமுதும் சாதமும் சாப்பிடுகிறபோது தங்கை ரேழியில் அவலை மென்றுகொண்டிருக்கிற சத்தத்தில் தனக்குச் சாதம் இறங்கவில்லை என்று மன்னியிடம் சொன்னாராம். ஒருநாள் ஜீயபுரத்திலிருந்து ஒரு கறவைப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட வந்த மாட்டுக்காரன் பிச்சமுத்து, "நல்ல கறவைங்க சாமி, வீடு பூராவும் குடிச்சாலும் மிச்சம் இருக்கும்" என்றான். "வீடு பூராவும் வேண்டாம்ப்பா. இது என் தங்கைக்கு" என்றார் அண்ணா. அதற்கு நாச்சியார் என்று பெயர் வைத்தார். தான் ஒரு வாய் குடித்ததில்லை. அவருக்குக் காலையில் காப்பியில் விடுகிற பாலோடு சரி.

காரணம் இருந்தது. குழந்தையில் நான் பால் பைத்தியம். பால் பானையின் விளிம்பில் ஒட்டின ஏட்டை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, முகமெல்லாம் பூசிக்கொண்டு, நானில்லை என்று சாதிப்பேனாம். அம்மாவிடம் அடி வாங்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அண்ணாதான். அந்தப் பெண்ணைத்தான் அவர் தினம் சாயங்காலம் தேடிக்கொண்டு வந்தார். அவள் எப்போது போனாள் என்று எனக்கே தெரியாது. பெரியவளான வயதிலேயே பாலுக்கு வயிறு உப்பத் தொடங்கியிருக்க வேண்டும். புக்ககத்தில் காப்பியோடு நின்றதால் தெரியவில்லை. மோர் ஒன்றும் செய்யாது. பால் மட்டும் ஒரு டம்ளர் உள்ளே போனால் போதும். கடமுடவென்று இரைச்சல், வலி, பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் அகத்துக்குமாக ஓட்டம்.

முதலில் நான் பாலைச் சந்தேகிக்கவே இல்லை. யார்தான் சந்தேகிப்பார்கள்? பால் அமிர்தம். பெரிய பெருமாளே அமுது செய்கிறார். வயிறுதான் பாவி வயிறு என்று நினைத்தேன். மன்னி கேட்டால், "கொத்தவரங்காய் சேரலை மன்னி" என்பேன். கத்தரிக்காய், வாழைக்காய் என்று காய்கறிச் சந்தை பூராவின் மேலும் பழி போட்டாயிற்று.

விறகு அடுக்கின இடத்தில் ஒரு பூனை குட்டி போட்டது. மூன்றில் இரண்டை எதுவோ தூக்கிக்கொண்டு போக, மிஞ்சினது ஒரு கறுப்புக் குட்டி. நான் அதை வரது என்று கூப்பிட்டேன். "ராம ராமா! பூனைக்குப் பெருமாள் பேரா?" என்று மன்னி வேதவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பசுவுக்கு நாச்சியார் என்று வைக்கலாம், பூனைக்கு வரது என்று வைக்கக்கூடாதா என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். மன்னி நல்லவள். எனக்கு முன்னால் பூ வைத்துக்கொள்ளக்கூட யோசிப்பாள்.

ஒருநாள் அண்ணாவை யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். அவர் போன சமயத்தில் கொல்லைப் பக்கம் போய், டம்ளரை வரதுவின் கொட்டாங்கச்சியில் கவிழ்த்தேன். அது மூக்கு முழுக நக்கித் தீர்த்தது. அன்று எனக்கு நல்ல தூக்கம். அதற்கப்புறம், "வாய் சுடறது அண்ணா, கொல்லைக்காத்துல நின்னு குடிக்கறேன்" என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். தினமும் வரதுதான் குடித்தது. ராத்திரி வெறும் வயிறுதான். ஆனாலும் வலி இல்லாத வெறும் வயிறு. அது எவ்வளவு சுகம் என்று பட்டவளுக்குத்தான் தெரியும்.

வரது பாடுதான் திண்டாட்டம் ஆகிவிட்டது. வயிறு பானையாக உப்பி, பின்னங்கால் சூம்பி, கொல்லை முழுக்கத் தண்ணீராய்ப் போய் வைத்தது. மன்னி சாணி கரைத்துத் தெளித்துத் தெளித்து அலுத்துப்போனாள். "இந்தச் சனியனுக்கு என்ன வந்தது? எதைத் தின்னுதோ!" என்று துடைப்பத்தோடு அதன் பின்னாலேயே போனவள், நான் டம்ளரைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. உள்ளே போய் அண்ணாவிடம் சொன்னாள். அண்ணா கொல்லை வாசற்படியில் வந்து நின்று, என்னையும் கொட்டாங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் தேவலை. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பட்டினி கிடந்து போயிடலாம்னு பாக்கறயா, பாமா?" என்றார்.

அப்படி ஒரு எண்ணம் அவருக்குள் ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. அப்புறம் புரிந்தது: நான் திரும்பி வந்த நாளிலிருந்து அவர் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறார். கிணற்றுக்கு நான் தனியே போனால் அவர் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்ததெல்லாம் அதற்குத்தான்.

"பெரிய பெருமாள் திருவடி மேல ஆணையா சொல்லு. தினம் என் எதிர்ல குடிக்கறேன்னு சொல்லு."

சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?

அதற்கப்புறம் அவர் கண்ணெதிரில் குடித்தேன். குடிக்கக் குடிக்க இளைத்தேன். இளைக்க இளைக்க அவர் டம்ளரை நிரப்பினார். கன்னம் ஒட்டி, வளையில்லாத கை இன்னும் குச்சியாயிற்று. பதறிப்போய் என்னைக் குதிரை வண்டியில் ஏற்றிக் காவேரிப் பாலம் தாண்டித் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், என் முக்காட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். "உடம்புல சத்தே இல்லை. ரொட்டியும் பாலும் கொடுங்கோ, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். கடை ரொட்டி எங்கள் அகத்தில் படி ஏறாது. ஆக, பால் மட்டும் காலையிலும் சேர்ந்துகொண்டது. திரும்பி வரும்போது, "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டார்" என்று அண்ணா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். எனக்கு வண்டியிலிருந்து காவேரியில் குதித்துவிடலாமா என்று இருந்தது. அவர் பயந்தது நடந்திருக்கும், அவர் கொடுத்த பாலாலேயே!

இந்த லட்சணத்தில் ஒருநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தபோது, வரது ஒரு பல்லியைக் கவ்விக்கொண்டு விறகுக் கட்டையிலிருந்து குதித்தது. நான் அதைச் சரியாகப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மயிர் மினுமினுவென்றிருந்தது. வயிறு ஒட்டி, கால் தேறி, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு ராஜநடை! மன்னி சாணி தெளிப்பதையும் விட்டிருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது குடித்தபோது நான் தேறினேன், அது நாறிற்று. நான் குடிக்கிறேன், அது தேறிவிட்டது. இதைவிட ஒருத்திக்கு எப்படித்தான் சொல்வது? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாவி வயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. பூனைக்கே ஆகாதது எனக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"அண்ணா, எனக்குப் பால் ஆகலை. சாகணும்னு இல்லை. எனக்கு உயிரோட இருக்கணும். அதனாலதான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, வரதுவிலிருந்து கொல்லைச் செம்புவரை வெட்கத்தை விட்டுச் சொல்லி முடித்தேன். அண்ணா நடுவிலேயே எதிரில் உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும், "ஏட்டுக்கு அப்படி அடிச்சுப்பியே..." என்றார்.

"அது அப்போ."

டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "சரி, உனக்கு என்னதான் வேணும்? சொல்லு" என்றார்.

அவல் என்று சொல்லியிருக்கலாம். பழம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டே பழக்கமில்லை. கேட்டதும் உள்ளே இருந்தது தானாக வெளியே வந்துவிட்டது. "சாதம், அண்ணா. ராத்திரி ஒரு பிடி மோர் சாதம்."

அண்ணா எழுந்தார். சமையலறையில் மன்னியின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கோஷ்டியில் முன்வரிசையில் நிற்கிறவர் அகத்தில், அறுத்தவளுக்கு ராத்திரி சாதம்! கேட்ட வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டது பொய்யில்லை. பசித்தது.

பிறகு சில நாள் பழையபடி அவல் வந்தது, மன்னி கையால். அண்ணா என் பக்கமே வரவில்லை. கோவிலிலிருந்து வந்து நேரே மாட்டுக் கொட்டிலுக்குப் போய் நாச்சியாரின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். அவர் சாயங்காலத்துக்கு ஒரு வேலை இருந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டுவிட்டேன் என்று எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஒருநாள் விளக்கு வைத்த பிறகு திரும்பவும் வெள்ளி டம்ளரோடு வந்தார். மேலே ஒரு தட்டு போட்டு மூடியிருந்தது. ஆயிற்று, மறுபடியும் பால், ஆணை, டாக்டர் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை என் எதிரில் வைத்தார். "ஏகாதசி அன்னிக்கு மட்டும் கேக்காதே" என்றார். பிறகு முற்றத்துக்குப் போய்க் குனிந்து, சொம்புத் தண்ணீரைச் சாய்த்துக் கையை அலம்பினார்.

பால் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தால் யாரும் கையை அலம்ப மாட்டார்கள்.

நான் தட்டை எடுத்தேன். மேலுக்குப் பால் மாதிரிதான் வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே குழையக் கரைத்த சாதம், மோர், ஒரு கல் உப்பு. யாராவது வாசலிலிருந்து பார்த்தால்கூட ஒன்றும் தெரியாது. அண்ணாந்து விட்டுக்கொண்டேன். கண்ணில் வந்தது மூக்கில் இறங்கி, எது உப்பு என்று தெரியவில்லை.

மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். எனக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அப்போதுதான் ஒருநாள் பாத்திரம் தேய்க்கப் போட்டபோது கவனித்தேன், அண்ணாவின் சாப்பாட்டுத் தட்டு சுவரில் சாய்த்து வைத்தபடி காய்ந்து கிடந்தது.

"அண்ணா ராத்திரி சாப்பிடலையா மன்னி?"

மன்னி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவருக்கு ராத்திரி சாதம் வேண்டாமாம். விட்டுட்டாராம். பண்ற பாவத்துக்கு இதாவது இருக்கட்டும்னார். பால் போறுமாம். அதான் நாச்சியார் கறக்கறாளே..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னேன்னு காட்டிக்காதே."

அடுத்த நாள் விடியற்காலையில் ஸ்நானத்துக்குத் தண்ணீர் இழுக்கக் கிணற்றடிக்குப் போனேன். கோபுரத்துப் பக்கம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. வாழைகளுக்குப் பின்னாலிருந்து அண்ணா செம்போடு வந்தார். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். தாடை ஒட்டியிருந்தது. எத்தனையோ காலை கண்ணாடி இல்லாமலே நான் உணர்ந்த என் முகம் அது. என்னைக் கண்டதும் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கொத்தவரங்காய் சேரலை போலிருக்கு" என்றார்.

நேற்றுத் தளிகையில் கொத்தவரங்காயே இல்லை. வரது எங்கிருந்தோ வந்து அவர் காலைச் சுற்றிற்று. நான் அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு, கிணற்றடியில் உட்கார்ந்து, மண் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.