அழாட்டியும் நிறுத்தணும்

குழந்தைகளைக் காரில் கட்டி உட்கார வைக்கிற இருக்கைகளை வாடகைக்கு விடும் கடை, பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதை நடத்தியவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவள் பெல்ட்டக்கா. வாய் என்றால் வாய், அப்படியொரு வாய். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் யாராவது உட்கார்ந்து போனால் போதும், வண்டியை மறித்துப் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள்.

"முட்டை வாங்கினா உடையாம அட்டையில வச்சுக் கொண்டுபோறீங்க. பெத்த புள்ளை என்ன, முட்டையை விட மட்டமா?"

திட்டு வாங்கியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பாதிப் பேர் மறுநாள் அவளிடமே இருக்கை வாங்க வருவார்கள். அது வேறு கதை.

திரும்பி வரும் இருக்கையைப் பார்த்தே குழந்தை எப்படிப் பயணம் செய்தது என்று சொல்லிவிடுவாள். மடிப்பில் பிஸ்கட் தூள், துணியில் கக்கின பால் வாடை, தோள்பட்டையில் எச்சில். "ஐயோ ராமா, என்ன நாத்தம்" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு தொட்டியில் போட்டுத் தேய்ப்பாள். ஆனால் உள்ளுக்குள் மனசு குளிர்ந்துவிடும். அழுக்கில்லாமல் வந்தால்தான் அவளுக்கு ஆகாது. கொண்டுபோனதுகள் அதை டிக்கியில் போட்டுவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கின்றன என்று அர்த்தம்.

ஒருநாள் ஒரு தச்சனும் அவன் மனைவியும் வந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தது. இப்போது எடை ஏறிவிட்டது, இரண்டு நாளில் அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு மலைப்பாதைக்கு அந்தப் பக்கம். அரை நாள் பயணம்.

"இத்தனை நாள் பொழைச்சுக் கிடந்துட்டாக்கா," என்றாள் அந்தப் பெண். "இனிமே வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான் எனக்கு பயம். வழியில ஒண்ணும் ஆயிடக் கூடாது."

"என் கடைக்கு வந்துட்டீல்ல? ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு," என்றாள் பெல்ட்டக்கா. வாய் தவறி வந்த பேச்சு இல்லை. எல்லோரிடமும் சொல்கிறதுதான்.

துண்டு ஒன்றைச் சுருட்டி இருக்கையில் படுக்க வைத்து, தச்சனைக் கட்டச் சொன்னாள். அவன் பட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் துண்டு இரண்டாக மடங்கியது.

"அட தம்பி! இது கதவு இல்ல, குழந்தை!"

மனைவி சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள் என்பது தச்சன் அவளைத் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அப்புறம் அவளே குனிந்து கட்டினாள். கச்சிதமாகக் கட்டினாள்.

"முக்கியமான விஷயம்மா," என்றாள் பெல்ட்டக்கா. "சின்னக் குழந்தைய ரொம்ப நேரம் இதுலயே மடக்கி வச்சிருக்கக் கூடாது, மூச்சு முட்டும். அப்பப்ப வண்டிய ஓரமா நிறுத்தி, வெளிய எடுத்து, கொஞ்சம் காத்தாட வச்சுக்கோ."

"அழலேன்னா?"

"அழாட்டியும் நிறுத்தணும். தூங்குதேன்னு விட்டுடாத."

அந்தப் பெண் உதடு அசைய அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தச்சன் மட்டும் இருக்கையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான். பெல்ட்டக்கா வழக்கம்போல மடிப்பை விரித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். ஒரு சொட்டுப் பால் இல்லை, ஒரு முடி இல்லை. அன்று அந்தப் பெண் இறுக்கிவிட்ட பட்டை இறுக்கினபடியே இருந்தது. வந்ததே கோபம்!

"ஏன் தம்பி, இத வாங்கிட்டுப்போய் அழகு பார்த்தீங்களா? அந்தப் பொண்ணு அவ்ளோ கவனமாக் கேட்டுச்சே, அத்தனையும் நடிப்பா? இவ்ளோண்டு குழந்தைய, அந்த மலைப்பாதையில, மடியில வச்சுக்கிட்டா போனீங்க? சொல்லுங்க, மடியிலயா வச்சுக்கிட்டுப் போனீங்க?"

தச்சன் தரையைப் பார்த்தான்.

"ஆமாக்கா. மடியிலதான்."

"வெக்கமா இல்ல?"

"அனுப்புறேன்னு சொன்ன அன்னிக்கு விடிகாலையில மூச்சு நின்னுடுச்சுக்கா. இதுல வைக்கலாம்னுதான் நான் சொன்னேன். அவதான் குடுக்க மாட்டேன்னுட்டா. வீடு வரைக்கும் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தா."

கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா? பெல்ட்டக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் பொறுப்பு என்று சொன்ன அதே வாய்தானே இது என்று நினைத்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"வண்டியில உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரியில ஒரு கையெழுத்துப் போட வந்தோம். கடைக்குள்ள வர முடியலன்னுட்டா."

பெல்ட்டக்கா செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள். ஓரமாக நின்ற வண்டியின் பின்சீட்டில் அவள் இருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வலது கை இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி இருந்தது. பெல்ட்டக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டாள்.

"நான் தெரியாம... கண்டபடி பேசிட்டேம்மா. என்னை மன்னிச்சிடு."

அந்தப் பெண் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எதையோ சரியாகச் செய்துவிட்டோமா என்று கேட்பதுபோல முகத்தைப் பார்த்தாள்.

"நாங்க வேகமாப் போகலக்கா. மெதுவாத்தான் போனோம். ரெண்டு எடத்துல ஓரமா நிறுத்தச் சொல்லி, வெளிய எடுத்துட்டு வந்து, காத்தாட வச்சுக்கிட்டு நின்னேன். அவ அழவே இல்லக்கா. அழாட்டியும் நிறுத்தணும்னு நீங்க சொன்னீங்கல்ல?"

"ஆமாம்மா, சொன்னேன்," என்றாள் பெல்ட்டக்கா. "சரியாத்தான் கூட்டிட்டுப் போயிருக்க."

சொல்லிவிட்டு அழுதாள். தச்சன் வந்து வண்டியில் ஏறுகிறவரை அந்தத் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.